பெட்ரீசியா மறைச்ச ரத்தம்

மலேசியாவுல, கோப்பெங் பக்கம் ரப்பரை அழிச்சுச் செம்பனை நட்ட தோட்டத்துல இருக்கா பெட்ரீசியா. பள்ளிக்கூட கெண்டின்ல சமையல் வேலை. என் தம்பி லூயிஸைக் கட்டிக்கிட்டு நாசமாப் போனவ. குடிச்சா கை நீளும், குடிக்காட்டி கால் நீளும் அந்தப் பயலுக்கு. கூடப்பொறந்தவன்னு மூடி மறைக்க எனக்கு வராது.

தவக்காலத்துல கோழிக்கறி ஆக்கச் சொன்னானாம். "ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாதுங்க"ன்னா. அடிவயித்துல விட்டான் ஒரு ஒதை. அலமாரியில போய் மோதி விழுந்தா. மறுவாரம் ரத்தம். தீட்டு நின்னு பல வருசமான பொம்பளைக்கு! ஒதையிலதான் உள்ள கிழிஞ்சிருச்சுன்னு இவ நெனைச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரி போனா எப்படின்னு கேப்பாங்க, புருசனைப் போலீஸ் தூக்கிரும். பழைய கைலியைக் கிழிச்சு வச்சுக்கிட்டு வாயே திறக்கல.

கல்லறைத் திருநாளுக்கு நான் போனேன். மெழுகுவத்தி ஏத்தக் குனிஞ்சவ பாவாடையெல்லாம் ரத்தம்.

"என்னடி இது?"

"ஒதைச்ச காயம் அண்ணி. ஆறிரும்."

"இத்தனை மாசமா ஆறாத காயமா? ஏறுடி வண்டியில!"

லூயிஸ் குறுக்க வந்து சாவியைப் பிடுங்கினான். கையில இருந்த குடையாலயே முட்டியில போட்டேன் ஒரு போடு. சுருண்டு உக்காந்தான்.

ஈப்போ ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பார்த்தாங்க. கர்ப்பப்பையில புற்றுநோய்.

"அடிபட்டு இது வராதும்மா," டாக்டர் பொண்ணு பொறுமையாச் சொன்னுச்சு. "சக்கரை, கூடின எடை இதெல்லாம் ஆபத்தை ஏத்தும். தீட்டு நின்னப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் உடனே வரணும். அப்பவே வந்திருந்தா ஆபரேசனோட முடிஞ்சிருக்கலாம்."

கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்தாங்க. அடிவயித்து நெறிக்கட்டுக்கும் பரவியிருச்சு, மருந்து ஏத்தணும், கதிர்வீச்சும் குடுக்கணும்னாங்க.

லூயிஸ் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வார்டுக்கு வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"கேட்டியாக்கா? நான் ஒதைச்சதால இல்லையாம்லா! தப்பிச்சேன்."

பெட்ரீசியா பிளாஸ்க்கைத் திறந்தா. சுடுதண்ணி அத்தனையும் அவன் நெஞ்சுல. அலறிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சான்.

"ஒன்னைக் காப்பாத்தத்தாண்டா பொத்தி வச்சேன்! பொத்தி வச்சதுல அது உள்ள வளர்ந்திருச்சு!"

நர்ஸுங்க ஓடி வந்தாங்க. தையல் வலியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா.

"அண்ணி, போலீஸைக் கூப்பிடுங்க. ரிப்போட் குடுக்கணும்."

"சுடுதண்ணி ஊத்தினதுக்கு ஒன்னையும் கேப்பாங்கடி."

"கேக்கட்டும். அதையும் சொல்றேன். கல்யாணத்தன்னிக்கு அடிச்சதுலருந்து வரிசையா எல்லாத்தையும் சொல்றேன்."

என் தம்பிதான். நானே போனைப் போட்டேன்.