எழுதிப் பார்த்ததில் போன மயில்

போன சனிக்கிழமை மதியம் அமலோரிடமிருந்து போன்.

"வீட்லதான இருக்க? நெல்லித்தோப்பு வரைக்கும் போவணும். நீயும் வா... தனியா போவ எனக்கு தைரியம் இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெல்லித்தோப்பில் என் தங்கை ராணி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். அங்கே போக இவனுக்கு எதற்குத் தைரியம்? அவள் கையால் டீ குடிக்காமல் இவனுக்கு ஒரு வாரம் கழியாதே!

அமலோர் என் பள்ளித் தோழன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டில் செருப்புகூட வரிசையில்தான் நிற்கும். பிள்ளையும் அப்படியே. இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அவன் ஆபீசில் சொல்வார்கள்.

வண்டியில் போகும்போது விஷயத்தைச் சொன்னான். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அத்தனையையும் அச்சு அசலாக ஒரே ஃபைலாக எடுத்து வைக்கலாம். டிஸ்க் இமேஜ் என்பார்கள். அந்த ஃபைலை எவ்வளவு வேகமாகப் படிக்க முடிகிறது என்று அளந்து சொல்ல ஒரு டூல் — அது அமலோரின் கைவண்ணம். வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. படிக்கும், நேரம் பார்க்கும், நம்பர் சொல்லும். அவ்வளவுதான். எதையும் தொடாது.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. டூலைச் சோதித்துப் பார்க்கக் காலி இமேஜைக் கொடுக்க மாட்டார்கள். காலியாக இருந்தால் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது, டூல் ஆகா ஓகோவென்று பொய் வேகம் காட்டும். அதனால் நிஜமான ஆள் யாருடையதாவது, பாட்டும் படமுமாக நிரம்பி வழிகிற இமேஜாகப் பார்த்துக் கொடுப்பார்கள். படிக்கிறது மட்டும்தானே... என்ன ஆகிவிடப் போகிறது?

போன மாதம் ஒரு வெளிநாட்டு கஸ்டமர் கேட்டாராம்: படிக்கிற வேகம் சரி, எழுதுகிற வேகம் எவ்வளவு?

நியாயமான கேள்வி. அமலோர் உட்கார்ந்து டூலில் ரைட் டெஸ்ட் சேர்த்தான். இமேஜுக்குள் அங்கங்கே எதையாவது எழுதி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கிற சோதனை. எழுதினால் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது அழியும் அல்லவா? அதற்காக ஒரு எச்சரிக்கையும் வைத்தான். 'இந்த இமேஜில் இருப்பது அழிந்துவிடும். தொடரலாமா?'

அந்தச் சனிக்கிழமை காலைதான் அதன் முதல் ஓட்டம். பழக்க தோஷம்... கைக்கு வந்த நிஜ இமேஜைக் கொடுத்தான். கேள்வி வந்தது. சட்டென்று 'ஆமாம்' தட்டினான்.

அது ராணியுடைய இமேஜ்.

"நீயே வச்ச கேள்விடா. படிக்கலியா?"

"நான் எழுதினதுதான? அதுல என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதப் போயி யாரு படிப்பாங்க?"

கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? பிள்ளையிடம் 'ஹெல்மெட் போட்டுக்கோடா' என்று கத்திவிட்டு வெறுந்தலையோடு மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்கிற அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்? எச்சரிக்கையெல்லாம் அடுத்தவருக்கு. எழுதியவருக்கு மட்டும் விதிவிலக்கு!

ராணியின் இமேஜ் அவனிடம் எப்படி வந்தது என்பதுதான் இதில் கொடுமை. சில நாட்களுக்கு முன் அவள் கடைக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அமலோர்தான் ஓடி வந்து, அது உயிரை விடுவதற்குள் இமேஜ் எடுத்தான். "பத்திரமா இருக்கும்மா, புது டிஸ்க் வந்ததும் போட்டுத் தரேன்" என்றான். பழைய டிஸ்க் மறுநாளே செத்துப்போனது. காப்பாற்றியவன் கையாலேயே இப்போது அந்த மிச்சமும் சிதைந்து போயிற்று.

அதில் இருந்தவை ராணி தானே வரைந்த டிசைன்கள். பஜாரில் சிடியில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. பாகூரிலிருந்தெல்லாம் கல்யாணப் பெண்கள் அவளைத் தேடி வருவது அதற்காகத்தான். பழைய டிசைன்களைக்கூடக் கஸ்டமர்களின் ரவிக்கைகளை வாங்கிப் பார்த்து மறுபடி வரைந்துவிடலாம். ஆனால் ஒரு மயில் இருந்தது. கழுத்தைத் திருப்பித் தன் தோகையைத் தானே பார்க்கிற மயில். ஆவணி முகூர்த்தத்துக்காக ஒரு பெண் கேட்டு, புதிதாக வரைந்தது. இன்னும் எந்தத் துணியிலும் ஏறவில்லை.

கடையில் அமலோர் எதையும் மறைக்கவில்லை. புது டிஸ்க்கை மாட்டி, மீட்க முடிந்ததை ஏற்றினான். ராணி திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"மயிலு பேரு இருக்கேண்ணே!"

"பேரு இருக்கும்மா. உள்ள எவ்ளோ இருக்குன்னு தெரியாது."

ஃபிளாப்பியில் போட்டு மெஷினில் கொடுத்தாள். ஒரு வெள்ளைத் துணியில் ஊசி ஓடியது. கால் வந்தது. உடம்பு வந்தது. கழுத்து திரும்ப ஆரம்பித்தது... திடீரென்று நூல் துணியின் குறுக்கே நேர்கோடாக ஓடியது. ராணி மெஷினை அணைத்தாள்.

"வரஞ்ச பேப்பர் இருக்குமே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உள்ள ஏத்தினதும் கிழிச்சிப் போட்டுடுவேண்ணே. கம்ப்யூட்டர்ல இருக்கச்சொல்ல பேப்பரு எதுக்கு அடைச்சிக்கிட்டுன்னு அமலோரண்ணந்தான்..."

பாதியில் நிறுத்திவிட்டு, நூலை வெட்டித் துணியை மெஷினிலிருந்து எடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமலோர் தலையைக் குனிந்தபடி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இருவரையும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவள் என் தங்கை, இவன் என் நண்பன். நான் யார் பக்கம் பேசுவது?

புதன்கிழமை மறுபடி போனோம். ராணி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மயிலைத் திரும்ப வரைந்து, ரவிக்கையில் தைத்தும் வைத்திருந்தாள். பச்சையும் நீலமுமாக ஜொலித்தது. கல்யாணப் பெண் வந்து பார்த்து, இதுதான் முதலில் வரைந்த மயில் என்று நினைத்து, சந்தோஷமாகப் போய்விட்டாளாம்.

அமலோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "அருமையா வந்திருக்கும்மா!"

ராணி அந்த ரவிக்கையைக் கையில் எடுத்து, மயிலின் கழுத்தை விரலால் ஒருமுறை தடவினாள்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா அது இல்ல."

அமலோர் எழுந்து வெளியே போய் நின்றான். அவனுக்கு ராணி போட்டு வைத்த டீ ஆறிப்போனது.

ஆமாம், அந்த ரைட் டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பாஸாகிவிட்டது... எதிர்பார்த்ததைவிட நல்ல வேகமாம்!