சாக்குக் கம்பெனித் தங்கச்சி

சென்னிமலைக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. மாப்பிள்ளை பக்கத்தில் அக்கா தங்கை முறையில் ஒருத்தி உட்கார்ந்து இணைச்சீர் செய்தால்தானே எங்கள் பக்கம் கல்யாணம் கல்யாணமாகும்? சித்தப்பன் மகள் பழனாத்தாளைத்தான் உட்கார வைத்தார்கள். அப்போது அவளுக்கே கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் அப்புறம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை குட்டி இல்லை. மாமனார் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அப்பனும் ஆத்தாளும் முன்னமே போய்விட்டார்கள். "நானிருக்கறேன், வா அம்மணி" என்று மதுக்கரைக்குக் கூட்டி வந்தது சென்னிமலைதான். இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே அவருக்குச் சிமெண்டு மூட்டைக்குச் சாக்குத் தைக்கிற கம்பெனி இருந்தது. கரண்டு மிஷின், நிறையப் பெண்கள். பழனாத்தாளுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஒரு மிஷினும் போட்டுக் கொடுத்தார். லோடு ஏற வேண்டிய நாளில் சாயங்காலம் மணியடித்த பிறகும் உட்கார்ந்து தைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மற்றவர்களுக்குப் பகல் கணக்கிலேயே கூலி. பழனாத்தாளுக்கு அதுவும் இல்லை. "நம்மூட்டு வேலைதானே, இருந்து முடிச்சுப்போட்டு வா" என்பார். அந்த 'நம்மூடு' என்ற சொல்லுக்காகவே அவள் முதுகு வலிக்கத் தைத்தாள். முடித்துவிட்டு அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி மயிலாத்தாள் தட்டை வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவாள். ஆனாலும் நாலு பேர் நடமாடுகிற வீடு அது.

தொண்ணூற்று ஆறில் சென்னிமலை மகள் லோகப்பிரியாவுக்குச் சடங்கு வைத்தார்கள். பழனாத்தாள் முதல் நாளே போய்த் தேங்காய் துருவி, பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். பந்திக்குப் போனபோது மயிலாத்தாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொந்தக்காரங்களுக்கே எடம் பத்தலை. நீ கம்பெனி ஆளுங்களோட கடைசிப் பந்தியில உக்காந்துக்க."

"சரிங்க நங்கை" என்று பழனாத்தாள் நகர்ந்துவிட்டாள். அண்ணன் பெண்டாட்டியோடு பந்தியில் வைத்தா வழக்காட முடியும்?

கடைசிப் பந்தியில் பக்கத்து மிஷின் வெங்கடலட்சுமிதான் பக்கத்து இலை. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனக்கா, ஓவர்டைம் காசு கேட்டா நீ தங்கச்சி. எலை போட்டா மட்டும் கம்பெனி ஆளா? உங்கண்ணன் நல்லாத்தான் கணக்குப் போடறாரு!"

"பேசாமத் தின்னு புள்ள" என்றாள் பழனாத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாசமே ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பெண்கள் யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மிஷினாக நின்று, எப்போது வருகிறீர்கள், எப்போது போகிறீர்கள் என்று விசாரித்தார்.

"ஒம்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்குனா ரெட்டைக் கூலி குடுக்கோணும். தயவு பண்றதில்ல இது, சட்டம்" என்றார்.

"குடுத்தர்றனுங்க சார்."

"இந்தம்மாவுக்கு?"

சென்னிமலை சிரித்தார். "அது என்ற தங்கச்சிங்க. தொழிலாளி இல்லீங்க, ஊட்டுப் பொண்ணு."

அத்தனை பேருக்கு முன்னால் என்ற தங்கச்சி என்று அவர் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழனாத்தாள் தலையை ஆட்டினால் போதும், அந்த வீடு அவளுக்கு நிற்கும்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

நிறுத்தின மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "கூலிக்கு வாரவதானுங்க சார்" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. அவர் மறுபடி கேட்க, மறுபடியும் அதையே சொன்னாள்.

சென்னிமலை ஏமாற்றவில்லை. விட்டுப்போன கூலியையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தார், அவளுக்கும் கொடுத்தார். ஆனால் அம்மணி என்று கூப்பிடுவதும் அவர் வீட்டுச் சாப்பாடும் நின்றுபோயின. "கூடப்பொறந்தவளாட்ட வெச்சிருந்தோம், ஆபீசர் முன்னால அத்துவிட்டுப்போட்டா" என்று மயிலாத்தாள் காரமடைச் சொந்தம் வரைக்கும் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் யார் வீட்டு விசேஷமும் பழனாத்தாளுக்கு முடிந்த பிறகுதான் தெரியவரும். மாசியில் காரமடைத் தேருக்குத் தனியாக பஸ் ஏறிப் போனாள். பங்காளிக் கூட்டம் ஒரு பந்தலடியில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பொரி வாங்கக்கூட நிற்கவில்லை.

சாயங்காலங்கள்தான் அவளுக்குக் கனத்தன. "எங்கூட்டுக்கு வந்துபோட்டுப் போ புள்ள" என்று வெங்கடலட்சுமியைக் கூப்பிடுவாள். "அவரு வந்துருவாருக்கா, சோறு ஆக்கோணும்" என்று அவள் ஓடிவிடுவாள். பழனாத்தாள் ரேடியோவைப் போட்டுவிட்டு ஒற்றை அறையில் கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருப்பாள்.

தொழிலாளி என்று ஆனபிறகு பி.எஃப். பிடிக்க வேண்டும் அல்லவா? கணக்குப் பார்க்கிற பாலகோபால் ஒரு மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா இந்தப் பணம் யாருக்குங்க போகோணும்?"

அவள் யோசித்தாள். யோசிக்க அவளுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"சென்னிமலைங்க."

பாலகோபால் நிமிர்ந்தார். "நம்ம மொதலாளிங்களா? உங்களுக்கு என்ன முறைன்னு போடட்டும்?"

"அண்ணனுங்க."

உள்ரூமில் சென்னிமலை போனில் லாரிக்காரனைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. பழனாத்தாள் மை வைத்த கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மிஷினுக்குப் போனாள். அன்றைக்கு லோடு இருந்தது.