அண்ணன் வீட்டுப் பின்பக்கம்

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் நான் இடப்பக்க ஜன்னலோரம்தான் கேட்டு வாங்குவேன். சுண்ணாம்பு மலைகள் எல்லாம் வலப்பக்கம். “அந்தப் பக்கம் உக்காருங்கக்கா, அங்கதான் பாக்க அழகா இருக்கும்லா” என்று டிக்கெட் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் ஒருமுறை சொன்னாள். எனக்கு மலை வேண்டாம். செமோர் ஸ்டேஷன் தாண்டி ரயில் வேகம் குறைந்து திரும்புகிற ஒரு வளைவில், செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மிச்சமிருக்கும் நான்கு வீடுகளின் பின்பக்கம் தெரியும். ஏழெட்டு விநாடிதான். அதில் கடைசி வீடு என் அண்ணனுடையது.

நாங்கள் பேசி ஆறு வருடமாகியிருந்தது.

தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டதும் எல்லாரும் ஈப்போ பக்கம் வந்துவிட்டோம். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன் மட்டும் அம்மாவோடு அங்கேயே தங்கினான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும் நான் போய் என் ஒன்பதாவது மாடி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். “அம்மா இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்” என்றான். “காலையில செம்பனைக் குலை வெட்டப் போனா சாயந்திரம்தான் வர்ற. நீ என்னா பாப்ப?” என்று கேட்டேன்.

ஐந்து மாதத்தில் அம்மா செத்துப்போனாள். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அண்ணன், “கூண்டுல அடைச்சிக் கொன்னுட்டியே” என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். “குடிகாரனெல்லாம் அம்மாவைப் பத்திப் பேச வந்துட்டான்” என்றேன். அதோடு முடிந்தது. கொள்ளி வைத்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு என் மகள் புக்கிட் மெர்தாஜாமில் பிள்ளை பெற்றாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறத் தொடங்கினேன். மூன்றாவது பயணத்திலோ நான்காவதிலோ அவனைக் கண்டேன். முகம் தெரியவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தலையை ஒருபக்கம் சாய்த்து நிற்கிற நிற்பு எங்கள் அப்பாவுடையது. வேறு யாருக்கும் வராது.

அதன்பின் அந்த ஏழெட்டு விநாடிக்காகத்தான் ரயிலேறினேன் என்றால் மகள் வருத்தப்படுவாள், ஆனாலும் அது உண்மை. ஒருநாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் கைலியைக் காயப்போட்டான். பல நாள் யாரும் இல்லாமல் வெறும் கொடிக்கயிறு மட்டும் இருக்கும். அன்றைக்கு முழுக்க எனக்கு எதிலும் மனம் ஒட்டாது.

ஒரு மழைக்காலத்தில் அவன் காலில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. அவனுக்கு இனிப்புநீர் வியாதி இருந்தது எனக்குத் தெரியும்; சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. அடுத்த இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கையிலிருந்த கறிப்பாப் பலகாரத்தை மடியில் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை.

மகளிடம் சொன்னேன். “போய்ப் பாரும்மா. இன்னும் என்ன ரோஷம்?” என்றாள். ரோஷமாக இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். எனக்கு இருந்தது பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் டாக்சி பிடித்துப் போனேன். அண்ணன் பின்பக்கத்தில், தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், “எதுக்கு வந்த?” என்றான்.

“கால் போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?”

“சொன்னா ஒட்டிக் குடுப்பியா?”

உள்ளே போய்ச் சோறாக்கினேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமலே கேட்டான்: “கடைசியா அம்மா என்னா சொல்லுச்சு?”

பொய் சொல்ல ஆறு வருடமாகத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் காலுக்கு முன்னால் பொய் வாயில் வரவில்லை.

“உன்னக் கூப்பிடச் சொல்லுச்சு.”

“எப்ப?”

“கடைசி ரெண்டு நாளும். போன் என் கையிலதான் இருந்திச்சு, அண்ணே. நீ வந்தா கத்துவ, தூக்கிட்டுப் போயிருவன்னு… நான் கூப்பிடல.”

கத்துவான் என்று காத்திருந்தேன். தட்டைத் தரையில் வைத்தான். வாய் கோணியது, அழவில்லை. கைகளை ஊன்றி, நாற்காலியை எனக்கு முதுகு காட்டித் திருப்பிக்கொண்டான். அது சிமெண்டில் இழுபட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

“சரி, நீ கெளம்பு” என்றான்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் போனேன். விரட்டவில்லை. ஆக்கிவைத்ததைச் சாப்பிட்டான், மருந்து கட்ட விட்டான். “உப்பு பத்தல”, “தண்ணி ஊத்து” என்பதைத் தவிர ஒரு பேச்சில்லை. மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ள ஒரு சொல்லாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மற்ற காலிலும் புண் வந்தது. இதையும் வெட்ட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுதான் சொன்னான். புண் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து செத்துப்போனான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவன் யாரையும் கூப்பிடவில்லை.

வீட்டைக் காலி செய்யப் போனபோது கட்டிலடியில் ஒரு நீள அட்டைப்பெட்டி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து கொடுத்த செயற்கைக் கால். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இது இருப்பதாக ஒருநாளும் அவன் சொன்னதில்லை. வேறு யாருக்காவது உதவட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கிருந்த பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது அவரு அளவுக்குச் செஞ்சது, அக்கா. வேற ஆளுக்குச் சேராது. வேணும்னா வச்சிட்டுப் போங்க, தூக்கிப் போட்டுருவோம்” என்றான்.

போட மனம் வரவில்லை. பெட்டியை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.