ஈரத் துண்டும் மருதமலைப் படியும்

ஜிம்மில் சேர்ந்தால் என்னென்ன கெடுதல் என்று கேட்டால் நான் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். கூட்டம், இரைச்சல், வேர்வை நாற்றம், முதுகுப் பிடிப்பு என்று அடுக்கிக்கொண்டே போவேன். கேட்பவர்கள் நம்பியும் விடுவார்கள். என் மனைவி நம்பினாள். அவளை அங்கே வரவிடாமல் செய்வதற்காகவே அத்தனையையும் தயார் செய்து வைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே டாக்டரிடம் போனோம். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முட்டிவலி. டாக்டர் அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தொடையில பலமே இல்லீங்களேம்மா. நல்ல ஜிம்மாப் பாத்து, சொல்லிக்குடுக்கறவங்களோட ஆறு மாசம் பண்ணுங்க. தாராளமாப் படியேறலாம்" என்றார். என்னையும் கூடவே போகச் சொன்னார். படி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் மகளுக்கு அப்போது குழந்தை பிறந்து நான்கு மாதம். பிரசவம் சிக்கலாகி, நாங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை நல்லபடியாகக் கிடைத்தால் முதல் மொட்டைக்குத் தானே அதை இடுப்பில் சுமந்து மருதமலைப் படியேறி வருவதாக முருகனிடம் சொல்லிவிட்டாள். முட்டி இருக்கிற இருப்பில் எப்படி ஏறுவது என்பதுதான் அன்றிலிருந்து அவள் கவலை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே, "ஏனுங்க, ரெண்டு பேருமே சேந்துக்கலாமுங்களா?" என்றாள்.

"இரு அம்மணி. நான் மொதல்ல போய் எடம் எப்படின்னு பாத்துப்போட்டு வாரேன். அப்பறம் நீ வா" என்றேன்.

எங்கள் குடும்பங்களில் அது வழக்கம். வாடகை வீடானாலும் பள்ளிக்கூடமானாலும் ஆண்பிள்ளை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், பெண்கள் கேட்டுக்கொள்வார்கள். அவளும் சரிங்க என்றுவிட்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது ஜிம். ஒரு வருஷத்துக்குச் சேர்ந்து பதினோரு நாள் போனேன். உள்ளதைச் சொன்னால், நல்ல இடம். மாஸ்டர் அவ்வளவு மரியாதையானவர். எடையைத் தூக்க முடியாமல் நான் முக்கும்போதுகூட, "இன்னும் ரெண்டே ரெண்டு தடவைங்கண்ணா" என்று கெஞ்சுவார். முதல் வாரத்திலேயே படுத்ததும் தூக்கம் வந்தது. ஒரு நாள் நேரம் தெரியாமல் பத்து மணிக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அது பெண்களுக்கான நேரம். சொல்லிக்கொடுப்பவரும் ஒரு பெண். எங்கள் கடைக்கு எதிரே அத்தர் கடை வைத்திருக்கும் பாயின் சம்சாரம், என் மனைவி வயதுதான் இருக்கும், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். "வந்த புதுசுல கையூணாம எந்திரிக்கவே முடியாதுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குக் கடை வேலையில் மறந்துபோனேன், பிறகு சொல்ல முடியாத நிலைமை வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே திரும்பி, கீழே பேக்கரிக்குள் போய் ஒரு டீயும் பஃப்ஸும் சொன்னேன். இன்று ஒரு நாள்தானே என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவேன், பேக்கரியில் பேப்பரை வரிவிடாமல் படிப்பேன், ஏழு மணிக்குத் திரும்புவேன். பேக்கரியை விட்டுக் கிளம்பும் முன் அங்கே கைகழுவும் குழாயில் துண்டை நனைத்துப் பிழிந்துகொள்வேன். வீட்டில் அவள் அதை வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு நல்லா வேத்துப்போச்சாட்ட இருக்குதுங்க" என்பாள். உட்கார்ந்து துவைக்க முடியாமல் நின்றபடியே குனிந்து வாளியில் அலசிக் காயப்போடுவாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் இட்லி சாப்பிடுவேன். சே, நானும் ஒரு மனுஷன்.

மாஸ்டரும் டீ குடிக்க அங்கேதான் இறங்கி வருவார். வேறு ஊராக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள். இவர் என் தட்டைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சாப்புடுங்கண்ணா, சாப்புடுங்க" என்பார். நான் "நாளைக்கு வாரனுங்க தம்பி" என்பேன். எனக்கு வரப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியமில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க அவருக்கு மனமில்லை. ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே ஏழு மாதம் ஓட்டிவிட்டோம்.

அவள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, நான் எப்பங்க வர்றது? பொம்பளைங்க வர்றாங்களா?"

அவள் வந்தால் முதல் நாளே என் குட்டு உடைந்துவிடும். "ஒருத்தரையும் காணோம். எல்லாஞ் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிப் பசங்க, காதைப் பொளக்கற பாட்டு" என்றேன். இன்னொரு நாள், நாலு சுவரிலும் கண்ணாடி, உனக்குக் கூச்சமாக இருக்கும் என்றேன். மார்கழியில் முட்டி வீங்கி, கெஞ்சாத குறையாக அவள் கேட்டபோது, "அங்க வந்த ஒரு அம்மாளுக்கு முட்டிச் சவ்வே கிழிஞ்சுபோச்சாம்" என்று சொல்லிப்போட்டேன். அப்படி ஒரு அம்மாளே கிடையாது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மருந்துக்கடையில் ஒரு தைலம் வாங்கி வந்து தினமும் தானே தேய்த்துக்கொண்டாள்.

மாசியில் மொட்டைக்கு நாள் குறித்தோம். அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியில் கால் வைத்தாள். மூன்று படி ஏறினாள். நான்காவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, நீங்க பஸ்ஸுல மேல வந்துருங்க. உங்களுக்குப் பதிலா அப்பா தூக்கிட்டு ஏறட்டும். இத்தனை மாசம் ஜிம்முக்குப் போயிருக்காருல்ல. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்தாள். "பத்தரமுங்க. வழியில யாருகிட்டயும் மாத்திக் குடுத்துராதீங்க. என்ற வேண்டுதலுங்க."

பாதி தூரம்கூட வரவில்லை, மூச்சு இரைத்தது, கண் இருட்டியது. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தது. "மாமா, குடுங்க நான் தூக்கிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்று இன்னும் பத்துப் படி ஏறினேன். பிறகு கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்திருந்தால் குழந்தையோடு விழுந்திருப்பேன். இதை எனக்கு நானே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

மேலே கடைசிப் படியருகில் அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் தோளில் குழந்தையைப் பார்த்ததும் அந்தக் கைகள் ஒரு கணம் இறங்கி, திரும்ப நீண்டன. நான் வெகுநேரம் கழித்து, தொடையில் கையை ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்தேன். ஏனுங்க இப்படிப் பண்ணீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

சாயங்காலம் வீடு வந்தபோது என் கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. அவள் தைலக் குப்பியை எடுத்து வந்தாள். கீழே உட்கார முடியாததால் எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னாள்:

"ஏழு மாசம் ஒரு நாளு உடாமப் போனவருக்கே இந்தக் கதி, பாத்தியா கண்ணு. நல்ல வேளை, உங்கப்பா மொதல்ல போய்ப் பாத்துச் சொன்னாரு. நான் போயிருந்தா என்ற காலு என்னத்துக்கு ஆயிருக்கும்."

குப்பியில் அவள் முட்டிக்கென்று கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதையும் என் காலில் கவிழ்த்துவிட்டு, "அந்தக் காலையும் காட்டுங்க" என்றாள்.

நான் காட்டினேன்.