துணைக்கு வைத்த கோழி

கன்னியம்மாவைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். வளைகாப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். பெண் வயசுக்கு வந்த வீட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் அன்றைக்கு அவளே ஏரிக்கரைப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போய்விடுவாள். தானாகப் போய்விட்டால் யாருக்கும் சங்கடமில்லை பாருங்கள். இருபத்திரண்டு வயசில் ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லாரிக்குப் புருஷனைக் கொடுத்தவள். வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை. அப்படிப்பட்டவளை முன்னால் நிறுத்தி யார் விளக்கேற்றுவார்கள்?

ஆனால் புதுக் கோழி வந்துவிட்டால் மட்டும் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இருந்த அந்தக் காலனி முழுக்க அவள் குடிசை வாசலில்தான் வந்து நிற்கும். "கன்னிம்மா, கோழி வாங்கியாந்துகீறோம். வந்து பழக்கி வுட்டுட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். அடுத்த நிமிஷம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தக் கூப்பிடு ஒன்றுக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள்.

கோழி பழக்குவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். ஆரம்பாக்கத்துச் சந்தையில் ஒரு கோழியை வாங்கி வந்து அன்றைக்கே அவிழ்த்து விட்டுப் பாருங்கள், தெரியும் சேதி. பொழுது சாயும்போது எது தன் வீடு என்று தெரியாமல் சவுக்குத் தோப்பில் போய் ஒண்டும். மறுநாள் நாலு இறகு கிடைக்கும், மிச்சம் கீரிப்பிள்ளையின் வயிற்றில் இருக்கும். கன்னியம்மா அப்படி விடமாட்டாள். வந்த கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வீட்டு அடுப்பை மூன்று சுற்று சுற்றி வருவாள். அடுப்புச் சாம்பலைத் தொட்டு அதன் காலில் தடவுவாள். பிறகு கூடையில் கவிழ்ப்பாள். முதல் பிடி கம்பை அந்த வீட்டுப் பெண்பிள்ளைதான் போட வேண்டும், யாருடைய கை சோறு போடுகிறது என்று கோழிக்குத் தெரிய வேண்டாமா? மூன்று நாள் கூடைக்குள் இருக்கும். நாலாம் நாள் பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போது பசியோடு திறந்து விடுவாள். தூரம் போக நேரமும் இருக்காது, வயிறும் விடாது. "பா… பா… பா…" என்றதும் ஓடி வந்து அடைந்துகொள்ளும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். செவலச்சி என்று ஒரு பெட்டைக்கோழி அவளிடம் இருந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் காலனிக் கோழிகளை எல்லாம் கழிச்சல் வாரிக்கொண்டு போனபோது பிழைத்துக் கிடந்த ஒரே கோழி அது. சாவே தொடாத கோழி என்று ஊரே அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. கூடைக்குள் மிரண்டு கிடக்கும் புதுக் கோழிக்குத் துணையாக அதை ஒரு நாள் வைப்பாள். செவலச்சி தின்பதைப் பார்த்துப் புதுசும் தின்னும். அதன் தைரியம் புதுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது கன்னியம்மாவின் நம்பிக்கை.

எழுபத்துநாலில் நடவு வேலை நின்றுபோனது. கம்பெனி கட்ட நிலங்களுக்குக் கல் நட்டுவிட்டார்கள். ஆம்பிளைகளில் பாதிப் பேர் மண் சுமக்கப் போனார்கள், பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து ஆறு வீட்டுக்கு, வீட்டுக்கு ஐந்து என்று வெள்ளைக் கோழி கொடுத்தார்கள். அடேயப்பா, அந்தக் கோழிகள்! மல்லிகைப்பூ நிறம், ரத்தச் சிவப்பில் கொண்டை. கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்ததால் மண்ணில் கால் வைக்கவே கூசி நின்றன.

முதலில் கூப்பிட்டவள் பக்கத்துக் குடிசை முத்தம்மாள். கன்னியம்மாவுக்குப் பத்து வயசு மூத்தவள், ஒரு குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டு வந்து கொடுக்கிறவள்.

"இன்னாடி இது, காக்காவப் பாத்தாக்கூட பயப்பட மாட்டேங்குது? அதுக்கு ஒண்ணுமே தெரியலியே."

"பச்சப்புள்ளக்கா அதுங்க. பாத்துக்கினே இரு, நாலு நாளுல உன் பின்னாடியே சுத்தும்."

"உன் கை பட்டா போதும்டி. அப்புறம் எனக்கு இன்னா கவல?"

ஆறு வீட்டு அடுப்பையும் அந்த வாரம் கன்னியம்மா சுற்றி வந்தாள். ஆறு வீட்டுக் கூடையிலும் செவலச்சி ஒவ்வொரு நாள் தங்கிவிட்டு வந்தது. யேசுதாஸ் வீட்டு ஞானம்மா அவளை உட்கார வைத்து நாஷ்டா கொடுத்தாள். தெருவில் போகும்போதெல்லாம் "எங்க ஊட்டுக்கு எப்போ வர?" என்று கேட்டார்கள். பாவி மனுஷி, அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் முத்தம்மாள் வீட்டில் முதல் கோழி செத்தது. காலையில் தின்ற கோழி மத்தியானம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. சிவப்புக் கொண்டை நாவல்பழ நிறத்துக்குப் போனது. பச்சை பச்சையாகக் கழிந்தது, சாய்ந்தது. அடுத்தடுத்து எல்லா வீட்டிலும் விழுந்தன. பத்து நாளில் முப்பது வெள்ளைக் கோழியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏற்கெனவே இருந்த நாட்டுக்கோழிகளும் கூடவே போயின. தாவீது வீட்டில் ஒரே ஒரு கறுப்புக் கோழி மட்டும் நோயில் விழுந்து எழுந்து நின்றது.

யாரும் கன்னியம்மாவைக் குறை சொல்லவில்லை. கவர்மென்ட் கோழியே அப்படித்தான், நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கலை என்று திட்டித் தீர்த்தார்கள். "நீ இன்னா பண்ணுவ, உன் கைய மீறிப் போச்சு" என்று முத்தம்மாளே அவளைத் தேற்றினாள்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அருணாச்சலம் சைக்கிளில் வந்தார். செத்த கோழிகளைப் பார்த்தார், வீடு வீடாகக் கேட்டார். கடைசியில் கன்னியம்மா குடிசைக்கு வந்து செவலச்சியைத் தூக்கிப் பார்த்தார். தாடையை அமுக்கினார், வாயைத் திறந்தார்.

"இது எப்பவாவது நோவுல விழுந்துதா?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி விழுந்துச்சு சார். பொழச்சிக்கிச்சு. ராசியான கோழி சார் அது."

"ராசியா? இந்தாம்மா, நோவுல பொழச்ச கோழிங்க சிலது அந்த நோவ உள்ளயே வச்சிக்கினு திரியும். அதுக்கு ஒண்ணும் ஆவாது. அது வாய் வச்ச தண்ணியில வாய் வச்சா மத்ததெல்லாம் காலி. புதுக் கோழி வந்தா தனியா வைக்கணும், அதெல்லாம் சரியாத்தான் பண்ணிக்கீற. இத எதுக்கும்மா கூட வச்ச?"

அவள் கையை நீட்டிச் செவலச்சியை வாங்கிக்கொண்டாள்.

"இத அறுத்து ஆழமாப் பொதச்சிடு. வருஷக் கணக்கா இது கிளறுன மண்ணு, நாலஞ்சு மாசத்துக்கு உன் ஊட்டுல ஒரு கோழியும் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "தெரியாம செஞ்சது. நான் யாருக்கும் சொல்லல."

செவலச்சியை அவளே அறுத்தாள். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினாள். மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் அழுதாள். தன் கோழிக்காக மட்டும் அவள் அழவில்லை. போன வருஷம் ஞானம்மா வீட்டில் இரண்டு செத்தது, அதற்கு முன்னால் சவுக்குத் தோப்புக்காரர் வீட்டில் நாலு போனது, வெயிலென்றும் கண்ணேறென்றும் ஊர் சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனை வீட்டுக்கும் சாவைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனவள் தான்தான் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

இரண்டு மாசம் கழித்து யூனியன் ஆபீஸிலிருந்து மறுபடியும் கோழி கொடுத்தார்கள். முத்தம்மாளுக்கு ஐந்து. வந்த அன்றைக்கே கன்னியம்மாவைக் கூப்பிட ஓடி வந்தாள்.

கன்னியம்மா சும்மா போய் அடுப்பைச் சுற்றிவிட்டு வந்திருக்கலாம். செவலச்சி இல்லை, நோயும் இல்லை, கதை அதோடு முடிந்திருக்கும். ஊரில் அவள் பேரும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன முத்தம்மாள் விட்டால்தானே!

"செவலச்சி இல்லன்னு நீ வெசனப்படாத. தாவீது ஊட்டுக் கறுப்பிய வாங்கியாந்துகீறேன். அதுவும் நோவுல பொழச்சது தான? கூடையில வுடு, துணைக்கு இருக்கட்டும்" என்றாள், பெரிய காரியம் செய்துவிட்டவள் போல.

கன்னியம்மா கூடைக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். "வேணாங்க்கா. அதக் கொண்டு போயிக் குடுத்துடு."

"ஏண்டி?"

"வேணாம்னா வேணாம்க்கா. சொன்னாக் கேளு."

"இன்னாடி பெரிய இவளாட்டம் பேசற? காரணம் சொல்லு."

சொன்னாள். கம்பவுண்டர் சொன்னது, செவலச்சியின் வாய், தண்ணீர், ஆறு வீடு, ஒன்றையும் ஒளிக்கவில்லை. முத்தம்மாளுடைய அடுப்பின் முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

முத்தம்மாள் கறுப்பியைத் தூக்கித் தெருவில் விட்டாள். பிறகு, "அப்போ நீதான் ஊடு ஊடாக் கொண்டாந்து வுட்டியா?" என்றாள்.

"கோழிதாங்க்கா. எனக்குத் தெரியாது."

"ரெண்டு மாசமா வாயத் தொறக்கலியே! நீ இன்னா பண்ணுவன்னு உன்னப் போயித் தேத்துனேனே நான்!"

"தப்புதாங்க்கா. கால்ல வுழறேன். ஆனா இதுங்கள மூணு நாளு கூடையில வையி. அது மட்டும் கேளு."

"நீ மொதல்ல எந்திரிச்சி வெளிய போ."

மறுநாள் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. நோய், வாய், தண்ணீர் என்று கன்னியம்மா சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. தாலியறுத்தவளை அடுப்படி வரைக்கும் விட்டால் வேறு என்ன நடக்கும் என்றார்கள். இத்தனை வருஷம் அது யாருக்கும் தோன்றவில்லையாம், இப்போது எல்லாருக்கும் தோன்றியதாம்! "கோழியோட நோவுடி அது, என் கைல ஒண்ணும் இல்ல" என்று அவள் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிப் பார்த்தாள். குடம் நிரம்பியதும் அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானம்மாகூட முகம் பார்க்கவில்லை.

முத்தம்மாள் வீம்புக்கென்றே அன்றைக்குக் காலையில் கூடையைத் திறந்து விட்டாள். மூன்று நாளும் வேண்டாம், முப்பது நாளும் வேண்டாம், அவள் பேச்சைக் கேட்ட வரைக்கும் போதும் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பகலெல்லாம் ஐந்து கோழியும் குப்பைமேட்டில் மேய்ந்தன. பொழுது இறங்கியது. அடையப் போக இடம் தெரியாமல் இங்கும் அங்கும் அலைந்தன. கன்னியம்மாவின் காலிக் கூண்டு திறந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றன் பின் ஒன்றாக அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தன.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். "பா… பா…" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலைச் சுற்றி வந்து நிற்கும். அள்ளி மடியில் வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! செவலச்சி கிளறிய மண் அது. கம்பவுண்டர் சொன்ன மாசக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஓடிப்போய்க் கூண்டை அடைத்தாள். குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். "சூ! போ! போயிடு!" என்று அழுதுகொண்டே விரட்டினாள். அவை நாலடி ஓடும், வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடியும் அவளிடமே திரும்பி வரும். மறுபடியும் எறிந்தாள்.

கோழிகளைத் தேடிக்கொண்டு வந்த முத்தம்மாள் அதைப் பார்த்தாள். "அடிப்பாவி! வாயில்லா ஜீவன் மேல காட்டுறியா உன் ஆத்திரத்த?"

கன்னியம்மா கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடலக்கா" என்றாள். "ஒண்ணக்கூடத் தொடல. அஞ்சும் கீது, எண்ணிப் பாத்து இட்டுக்கினு போ."

முத்தம்மாள் எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டையையும் காலையும் பார்த்துவிட்டு, கன்னியம்மாவின் காலடியில் நின்ற கடைசிக் கோழியைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.