மோரியில் பிடித்த மணல்

மர்பி டவுனில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மோரி ஓடியது. வெயில் நாளில் அது வெறும் சாக்கடை. மழை வந்தால் மேட்டிலிருந்து செந்தண்ணீர் இறங்கி அதன் வழியாக அல்சூர் ஏரிக்கு ஓடும். அதன் குறுக்கே கல் அடுக்கி மணல் பிடிப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. மணல் வண்டி கூப்பிட வக்கில்லாதவர்களுக்கு மழைதான் வண்டிக்காரன்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கோலாரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். முழங்கை வீங்கியிருந்தது. இனி அந்த மனுஷனிடம் போகமாட்டேன் என்று அம்மாவிடம் அழுதாள்.

அப்பா கொத்தனார். பேச்சு சுருக்கம். "இருக்கறது ஒரு ரூமு. உடைஞ்ச செங்கல்லு நான் கொண்டாரேன். பின்னால ஒரு ரூம் எழுப்பற அளவுக்கு மணலு சேர்ந்தா இருக்கட்டும். இல்லேன்னா மழை நின்னதும் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றார்.

எனக்குப் புரிந்ததெல்லாம், மணல் பிடிக்க ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள் என்பதுதான்.

மழை விட்டதும் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் மோரியில் இறங்கிவிடுவாள். கல்லுக்குக் கல் இடுக்கு விட்டு அடுக்குவோம். ஓடிவரும் தண்ணீர் அங்கே கொஞ்சம் தயங்கும். தயங்கின இடத்தில் முதலில் சரளை விழும், அப்புறம் மணல். சேறு மட்டும் இடுக்கு வழியே நழுவிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அந்தச் சேறு எங்கேதான் போகிறது என்று ஒருநாள் ஏரிவரைக்கும் ஓடினேன். மோரி போய்ச் சேரும் இடத்தில் தண்ணீருக்குள் செம்மண் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கொக்கு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

"அத்தை, நம்ம தெரு ஏரிக்குள்ள போய் படுத்துக்கினு இருக்குது."

"படுக்கட்டும். இங்க மணலு நிக்குதா, அதப் பாருடி."

மோரிக் கரையில் குவியல் என் இடுப்பளவு வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "பாதிகூட இல்ல" என்றார். ஐப்பசி முடியப்போகிறது, எங்கள் பக்கம் மழை எப்போது வேண்டுமானாலும் நிற்கும். அத்தைக்குப் பொறுக்கவில்லை. கொத்தனார் வீட்டுப் பெண் ஆயிற்றே, கற்களை உயரமாக அடுக்கி, இடுக்கையெல்லாம் களிமண்ணால் அடைத்து, சுவர் மாதிரியே பூசிவிட்டாள். ஒரு பொடி மணல்கூடத் தப்பாதாம்.

அன்று சாயங்காலம் பேய்மழை. போக வழியில்லாத தண்ணீர் கரையேறி எங்கள் குவியலின் அடியை அரித்தது. அடி கரையக் கரைய, மேலே இருந்தது பாளம் பாளமாகச் சரிவதை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை விட்டு வந்தபோது, அத்தை தண்ணீரில் மண்டிபோட்டு, மிச்சக் குவியலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடு, எழுந்திரு" என்றார். அவள் விடவில்லை. அப்பா நனைந்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை ஒரு மாட்டுவண்டி எங்கள் வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. எனக்கு வந்த கோபம்! பழையபடி இடுக்கு விட்டு அடுக்கினால் அடுத்த மழையில் நாங்களே பிடித்திருப்போமே, இந்த அப்பாவுக்கு அதற்குள் என்ன அவசரம்? முறையிட அத்தையைத் தேடினேன். அவள் வண்டி மணலின் மேலேயே உட்கார்ந்து, கைகொள்ளாமல் அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அடித்துப்போன எங்கள் மணலுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.