பின் சீற் இல்லாத கார்

காரின் பின் சீற்றைக் கழற்றியது நான். அதற்குக் கால் பூட்டியது அத்தான். ஏச்சு முழுவதும் எனக்கு.

ஸ்காபரோவில் ஐந்தாம் மாடி வீடு ஒன்றில் அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேர் இருந்தோம். பகலில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலை, பின்னேரத்தில் கொலிஜ் என்று எனக்கு நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து மெஷினில் நின்ற ஒஷாவாக்காரன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் ஊருக்கு வரச் சொன்னான். போனால், வெறுமையான பெரிய கார் தரிப்பிடம். செம்மஞ்சள் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். அவற்றுக்கு இடையால் ஒவ்வொரு காராக ஓடவேண்டும். ஒருவன் கடிகாரத்தோடு நின்று நேரம் எடுப்பான். என்னுடைய பழைய இரண்டு கதவு ஜப்பான் காரில் நானும் ஓடினேன். எழுபத்தொரு விநாடி. வந்தவர்களில் கடைசி ஆள் நான்தான். ஆனால் இறங்கியதும் இன்னொரு தரம் ஓடவிடுவார்களா என்று கேட்டேன். கனடாவுக்கு வந்து மூன்று வருடத்தில், அகதி விண்ணப்பம், வழக்கறிஞர், ஊரிலிருந்து வராத கடிதம் என்று எதுவுமே தலைக்குள் இல்லாத எழுபத்தொரு விநாடி அதுதான்.

அதன் பிறகு ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இரண்டு அங்குலம் பதித்தேன். இரட்டைக் காபரேற்றர், புதுச் சைலன்சர், நல்ல ரயர். கடைசியாகப் பின் சீற்றைக் கழற்றுவித்து, அந்த இடத்துக்குப் பின்னால், வளைவில் கார் முறுகாமல் இருக்க, குறுக்கே ஓர் இரும்புக் குழாய் ஒட்டுவித்தேன். எல்லாமாக ஆயிரத்து நானூறு டொலர். அத்தனையும் ஓவர்ரைம் காசு. வாடகையில் என் பங்கு, அம்மாவை ஊரிலிருந்து கூப்பிடும் ரிக்கற்றில் என் பாதி, எதிலும் ஒரு சதம் குறையவில்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்! சொல்லவேண்டி வந்ததே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கழற்றிய சீற்றை எறியப் போனேன். அத்தான் மறித்தார். "விசரோ உனக்கு? நல்ல சாமான்." அதை வீட்டுக்குள் கொண்டுவந்து நான்கு மரக்கால் பூட்டினார். மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் அக்கா உறை தைத்துப் போட்டாள். அது எங்கள் வீட்டுச் செற்றியாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதில் சாய்ந்திருந்து, அக்காவின் தேநீரைக் குடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி:

"தம்பி, உதாலை என்ன பிரயோசனம்?"

பிரயோசனம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது சுடும். மூன்றாம் மாடி அன்ரி தன் மகனுடைய முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். பிள்ளை முழு நேரமும் நித்திரை. அதற்குப் பிரயோசனம் கேட்டவர் உண்டா? அத்தான் வாங்கிய வீடியோ டெக் என் காபரேற்றரைவிட விலை கூட. அதை யாராவது கேட்டார்களா?

எனக்கும் வெட்கமில்லை. ஆளுக்கு ஒரு பொய் சொன்னேன். பாரம் குறைந்தால் பெற்றோல் மிச்சம் என்றேன். பதித்த கார் பனியில் சறுக்காது என்றேன். அத்தானிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்.

"அத்தான், எஃப் சமன் எம் ஏ. படிச்சனீங்கள்தானே? எம் குறைஞ்சா ஏ கூடும்."

"எம்மைக் கழட்டிப்போட்டாய் சரி, அம்மாவை எங்கை இருத்தப் போறாய்?"

அம்மா வர இரண்டு கிழமைதான் இருந்தது.

"அம்மா முன்னுக்கு இருப்பா."

"அப்ப நான்?"

"நீங்கள் ஏன் வாறியள்?"

"மாமி வந்து இறங்கேக்கை மருமகன் நிக்காட்டி மரியாதையோ? ஒழுங்கா அந்தச் சீற்றைத் திருப்பிப் போடு. இல்லாட்டிக் காரை வித்துப்போட்டு மனிசர் ஏறுற கார் ஒண்டு வாங்கு."

அம்மா வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, அவரே செற்றியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். உறையை உரித்து, கால்களைக் கழற்றி, காருக்குள் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"கொழுவுற இரும்புக் காதுகளை ஆர் வெட்டினது?"

"நீங்கள்தான். செற்றி ஆடுது எண்டு வாளாலை அறுத்தனீங்கள்."

சீற்றைத் திரும்பவும் மேலே கொண்டுபோனோம். லிப்ற்றில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி எங்களையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த நாள் எயார்போட்டில் அம்மா இரண்டு பெரிய சூட்கேஸ், கயிறு கட்டிய பெட்டி ஒன்று, மிளகாய்த்தூள் ரின் ஒன்றோடு வந்து இறங்கினார். எல்லாம் பின்னால் சுகமாகப் படுத்துக்கொண்டன. அம்மா முன்னால் ஏறினார். போகும்போது என் பக்கத்தில் இருந்து வந்த அத்தான் இப்போது நடைபாதையில் நின்றார். "நான் பஸ்ஸிலை வாறன்" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

வழி நெடுக ஸ்பிரிங் அம்மாவைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "இஞ்சையும் றோட்டு சரியில்லை" என்றார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார். "சாமான் ஏத்த நல்ல வசதி. அதுக்கெண்டே செய்ததோ தம்பி?"

உண்மையைச் சொல்லத்தான் திரும்பினேன். அம்மாவின் களைத்துப்போன முகம். "ஓம் அம்மா" என்றுவிட்டேன்.

அந்த ஓம் என்னைத் தின்றது. அடுத்த ஞாயிறு மத்தியானம் அம்மாவைப் பார்க்க மூன்றாம் மாடி அன்ரி வந்து செற்றியில் இருந்தார். அம்மா சொன்னார்: "பாவம், என்ரை சாமான் ஏத்தவெண்டு பிள்ளை சீற்றையே கழட்டினவன்."

"அச்சாப் பிள்ளை" என்றார் அன்ரி. இத்தனை மாதம் என்னை விசரன் என்ற அதே அன்ரி.

அத்தான் விடுவாரா? "அப்ப சரி, மாமி வந்திட்டா. இனிப் பழைய கார் உடைக்கிற இடத்திலை ஒரு சீற் வாங்கிப் போடலாம்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடமாட்டன்! சாமானுக்காகக் கழட்டேல்லை. வேகத்துக்குக் கழட்டினனான். எனக்கு ஓட விருப்பம். அதுக்குத்தான் ஆயிரத்து நானூறு குடுத்தனான்."

"ரூபாயோ?" என்றார் அம்மா.

"டொலர், மாமி" என்றார் அத்தான். இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி.

அம்மா விரல் மடித்து ரூபாய்க் கணக்குப் பார்த்தார். அக்கா குசினியிலிருந்து, "அம்மா வந்து ஒரு கிழமைதான் ஆகுது, கத்தாதை" என்று கத்தினாள். அன்ரி தேநீரைக் கீழே வைத்தார். "இல்லைத் தம்பி, நான் தெரியாமல்தான் கேக்கிறன், உதாலை என்ன..."

அவர் முடிக்க முன்னரே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். ஒஷாவாவில் அந்த வருடத்துக் கடைசி ஓட்டம் அன்றுதான். இந்நேரம் கூம்புகளை வைத்திருப்பார்கள். காரைக் கிளப்பி, சரியாக எங்கள் யன்னலுக்குக் கீழே நிறுத்தி, அக்சிலரேற்றரில் காலை ஊன்றி ஒரு மிதி மிதித்தேன். புதுச் சைலன்சர் ஐந்தாம் மாடி வரை கேட்டிருக்கும்.

கேட்கட்டும்.